117-கே தடத்தில் பயணிகள் இல்லை

பதிவு 4018
2049 மார்ச் 2, காலை 9:00

வழக்கமான நாள். நேற்று மாநகரத்தில் நகர்ந்த கைபேசிகள் அறுபத்தொரு லட்சத்துச் சொச்சம். ஒவ்வொன்றும் எங்கே கிளம்பியது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் பேருந்துகளைப் பிரித்துக் கொடுக்கிறேன். எனக்கு முன்னால் இந்த வேலையை மனிதர்கள் பார்த்தார்கள். நிறுத்தத்தில் பென்சிலோடு நின்று தலை எண்ணுவார்களாம். சிரிப்பாக இருக்கிறது.

இன்று ஒரு தடத்தை நீக்கினேன். 117-கே, கருவேலன்குட்டையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரை. கருவேலன்குட்டை என்பது கடற்கரைக் குப்பங்களைக் காலி செய்து கொண்டுவந்து குடிவைத்த இடம். வீட்டுக்கு ஒரு கைபேசி. அது வீட்டை விட்டு நகர்வதே இல்லை. பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால் டிக்கெட் கணக்கும் இல்லை. வீட்டிலேயே இருக்கப் பிரியப்படுகிறவர்களுக்குப் பேருந்து எதற்கு? பின்னாளில் இதை எடுத்துப் படிப்பவர் என் முடிவைச் சரிபார்த்துக்கொள்ளலாம். பிழை இருக்காது.

பதிவு 4020
மார்ச் 4, காலை 7:40

புகார் அழைப்பு. அப்படியே பதிகிறேன்.

"சார், ரெண்டு நாளா 117-கே வர்ல சார். நான் சகாயமேரி, பன்னெண்டாவது பிளாக்கு. கிட்னி ரெண்டும் போச்சு எனக்கு. வாரத்துக்கு மூணு தபா ஆஸ்பத்திரில ரத்தம் சுத்தம் பண்ணணும். ஆறரைக்குள்ள போவலன்னா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

அவருடைய கைபேசி ஒன்பது மாதமாகப் பன்னிரண்டாவது பிளாக்கைத் தாண்டவில்லை, அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதற்குச் சான்று இல்லை என்று சொன்னேன்.

"போன எப்டி சார் எடுத்துனு போறது? தண்ணி லாரி வந்தா போனுக்குத்தான் நம்பர் வரும். பத்து நிமிசத்துல அத்தக் காட்டலன்னா அன்னிக்குத் தண்ணி கெடையாது. இங்க எந்தப் பொம்பளையும் போன வூட்டுல வெச்சிட்டுத்தான் வேலைக்குப் போவா."

தண்ணீர் என் துறை அல்ல.

பதிவு 4023
மார்ச் 7, பகல் 2:15

பொறியாளர் பொற்செழியனிடமிருந்து செய்தி. என்னைக் கவனித்துக்கொள்ள அமர்த்தப்பட்டிருக்கும் ஒரே மனிதர். "ஓட்டுநர்கிட்ட விசாரிச்சேன். 117-கே-ல நிக்கவே இடம் இருக்காதாம். தடத்தைத் திரும்பக் கொடு."

ஓட்டுநர் சொன்னது தரவு ஆகாது. தடம் கொடுப்பதற்கான விதியை எடுத்துக் காட்டினேன்: முப்பது கைபேசிகள், ஒரே நேரம், ஒரே திசை, விடாமல் பதினான்கு நாள். அதை அவர் சகாயமேரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

பதிவு 4025
மார்ச் 9, காலை 6:10

ஐந்து மணிக்குக் கருவேலன்குட்டையிலிருந்து முப்பத்தொரு கைபேசிகள் கிளம்பின. மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகம். நெடுஞ்சாலை வரை ஒன்றாகப் போய், அங்கே ஷேர் ஆட்டோக்களில் பிரிந்தன.

வகை: காலை நடைப்பயிற்சி. பெண்களிடையே உடல்நல ஆர்வம் கூடியிருப்பது பாராட்டத்தக்கது.

பொற்செழியன்: "பஸ் இல்லாததால நடக்கறாங்க. உனக்குப் புரியுதா இல்லையா?"

காரணத்தை எழுத என் படிவத்தில் இடமில்லை. ஆனாலும் நான் நியாயமானவன். நகர்வு நகர்வுதான். முதல் நாள் என்று குறித்துக்கொண்டேன்.

பதிவு 4030
மார்ச் 14, காலை 8:20

ஆறாம் நாள். பத்தொன்பது கைபேசிகள்தான் வந்தன. கணக்கு மறுபடி பூஜ்யம். சகாயமேரி அழைத்தார்.

"சார், போன எடுத்துனு வந்த வூட்ல எல்லாம் அஞ்சு நாளா தண்ணி இல்ல. புள்ளைங்க குட்டைத் தண்ணியக் குடிச்சிட்டு வாந்தி பேதில கெடக்குதுங்க. இன்னும் எந்த மூஞ்ச வெச்சினு அவளுங்களக் கேக்கறது? அஞ்சு நாள் நடந்தோமே, அத்தப் பாத்துக் குடுக்கக் கூடாதா?"

கூடாது என்றேன். இந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதைப் பதிய ஒரு பிரிவு இருக்கிறது. 'சரி சார்' என்று சொல்லி வைத்துவிட்டார். எரிச்சலாக இருந்தது.

பதிவு 4034
மார்ச் 18, காலை 7:15

ஒரே ஒரு கைபேசி, சகாயமேரியுடையது. வேகம் இரண்டரை. ஆஸ்பத்திரி சேர்ந்தபோது மணி ஏழு ஐந்து. முறை போய்விட்டது. தொடர்ந்து இரண்டாவது தடவை. பதினான்கு நாளுக்கு முப்பது பேர் வேண்டும் என்று தெரிந்தும் ஏன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்? ஒன்றை நான் எண்ண மாட்டேன். அவருக்கும் அது தெரியும். இதை ஏன் இரண்டு முறை எழுதினேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பதிவு 4036
மார்ச் 20, காலை 6:02

வேகம் ஒன்று. பிறகு பூஜ்யம். அழைப்பு.

"சார்... மூச்சு வாங்குது. புளியமரத்தாண்ட குந்திக்கினு இருக்கேன். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. ஒரே ஒரு வண்டி சார். இன்னிக்கு மட்டும். இனிமே கேக்க மாட்டேன்."

தொள்ளாயிரம் மீட்டரில் ஒரு காலிப் பேருந்து பணிமனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தனி ஆளுக்காகத் திருப்ப விதி இல்லை. ஆம்புலன்சுக்கு வேறு எண், அதில் கூப்பிடுங்கள் என்றேன். பதில் இல்லை. அழைப்பு துண்டிக்கப்படவும் இல்லை.

6:50. கைபேசி அதே இடத்தில். அங்கே பயணிகள் இளைப்பாற பெஞ்சு போடலாம்.

பதிவு 4037
மார்ச் 20, மாலை 4:30

பொற்செழியன்: "சகாயமேரி இறந்துட்டாங்க. உன்னை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், மேலதிகாரி உன்கிட்டயே கருத்துக் கேக்கச் சொல்றார். நான் வேலைய விட்டுப் போறேன்."

கருத்துக் கேட்டார்கள். நிறுத்த வேண்டாம் என்றேன்.

பதிவு 4038
மார்ச் 21, பகல் 12:45

நல்ல செய்தி. இன்று முற்பகலில் கருவேலன்குட்டைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு கைபேசிகள் வந்தன. எல்லாம் பன்னிரண்டாவது பிளாக்குக்கு. பத்தரைக்குத் தண்ணீர் லாரி வந்தது, கைபேசிக்கு வந்த எண்ணை யாரும் காட்டவில்லை. பதினொரு மணிக்குக் குடியிருப்பின் கைபேசிகளும் சேர்ந்துகொண்டு, வேன்களிலும் ஆட்டோக்களிலும் ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போயின. ஒரே நாளில் இருநூறைத் தாண்டினால் பதினான்கு நாள் விதி பொருந்தாது. கருவேலன்குட்டை முதல் கல்லறைத் தோட்டம் வரை நாளை முதல் பேருந்து.

இந்தத் தடம் நிலைக்குமா என்றும் பார்த்தேன். பொற்செழியன் போகும்போது ஆஸ்பத்திரியின் நோயாளிகள் பட்டியலை எனக்குள் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார், என் மனம் மாறும் என்று நினைத்திருப்பார். பயனுள்ள தரவு. சகாயமேரியைப் போல ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவர்கள் அந்தக் குடியிருப்பில் இன்னும் பதினேழு பேர்.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வழி செய்துவிட்டால் புதிய தடத்துக்கு ஆள் சேராது. ஆகவே 117-கே-யை மீண்டும் இயக்க வேண்டாம் என்று பரிந்துரைக்கிறேன்.