வெள்ளிக்கிழமைக் கெளுத்தி முள்

இன்ஷிராவின் வாப்பாவுக்கு ஸலாம்.

கட்டார் வரும் ஆளிடம் கொடுத்துவிடும் கருவாட்டுப் பார்சலுக்குள் இதை வைக்கிறேன். போனில் கதைத்தால் மாமிக்குக் கேட்கும்.

வெள்ளிக்கிழமை காலை மன்னார் பஸ்ஸில் ஒருவன் பின்னாலிருந்து என்மேல் கை வைத்தான், நான் கத்தினேன், அவன் இறங்கி ஓடிவிட்டான் என்றுதான் உங்களிடம் சொன்னேன். பர்தா ஊசியைக் கழற்றி அந்தக் கையில் குத்தியதைச் சொல்லவில்லை. முகத்தை நான் பார்க்கவில்லை. அவனும் கறுப்பு அபாயாவைத்தான் பார்த்திருப்பான்.

அன்று பின்னேரம் உங்கள் தம்பி, இன்ஷிராவின் சாச்சா, கையில் கட்டோடு வந்தார்.

"காலமை கடலில கெளுத்தி முள்ளு குத்திப்போட்டுது" என்று மாமியிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவேயில்லை. ஜும்ஆத் தொழுகை உள்ள வெள்ளிக்கிழமையில் நம் சிலாவத்துறையில் எவர் கடலுக்குப் போகிறார்?

இரவு நீங்கள் போனில், "பொலிசுக்குப் போகாத. அதான் ஊசியால குத்திப்போட்டியே, காணும்" என்றீர்கள்.

ஊசியைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது?

பொலிசில் ஆள் தெரியாது என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். கருவாடு உங்கள் கைக்கு வருமுன் பெயரையும் கொடுத்திருப்பேன். இன்ஷிரா இன்றிலிருந்து சாச்சாவின் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் உம்மா