நாளை மிஷின் ஓடுவதற்குள்

என் பிரியமுள்ள அண்ணா, எங்கே இருந்தாலும் கொஞ்சம் காது கொடு.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. இன்று விசுவகர்மா பூஜை. இங்கே வங்காளத்தில், கார்டன் ரீச்சில் பட்டறைகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. மாடிக்கு மாடி பட்டம் பறக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போடும் கூச்சலில் காது அடைக்கிறது. உன் மாப்பிள்ளை காலையிலேயே பட்டறைக்குப் போய், மிஷினுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு, கையில் இனிப்போடு வந்தார். வருஷத்தில் ஒரு நாள் அதைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். மற்ற நாளில் அதில் சுழல்கிற பெல்ட்டுக்கு ஒரு மூடிகூடப் போட மாட்டார்கள்.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். நான் உண்டாகியிருக்கிறேன், அண்ணா. நீ இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பாய். ஆனால் சந்தோஷப்பட விடமாட்டேன் என்கிறது மனசு. நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் புருஷன் முடி வெட்டக்கூடாது, வெட்டினால் பிள்ளைக்கு ஆகாது. உன் மாப்பிள்ளைக்கு இப்போது முடி காதை மூடிக் கழுத்தில் புரள்கிறது. நாளைக்கு அந்த முடியோடுதான் மிஷினுக்கு முன்னால் நிற்கப் போகிறார். நீ நின்றாயே, அதே மிஷின்.

அண்ணி உண்டாகியிருந்தபோது நீயும் இப்படித்தான் வளர்த்தாய். “சுல் காட்டோ, சுல் காட்டோ!” என்று பெரிய மிஸ்திரி வங்காளப் பாஷையில் கத்திக்கொண்டே இருந்தாராம், முடியை வெட்டு, வெட்டு என்று. நீ வெட்டவில்லை. தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டாய். “பிள்ளைக்கும் ஆச்சு, மிஷினுக்கும் ஆச்சு” என்று சிரித்தாய். அந்தத் துண்டின் முனை அவிழ்ந்து பெல்ட்டில் மாட்டியது. மற்றவர்கள் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு கத்திரிக்கோல் வேலைதானே அண்ணா அது? ஏன் இப்படிச் செய்தாய்?

நீ போன பிறகு அங்கே சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். தொங்குகிற துணியோடும் நீளமுடியோடும் மிஷின் அருகே வரக்கூடாதாம். இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் ஆபீஸ் நாற்காலியில் இருக்கிறார்கள், மிஷின் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் நான்தான் பேச்சை எடுத்தேன். இவர் ஏப்பம் விட்டுக்கொண்டே, “அதுக்கென்ன இப்போ? இறுக்கமா ஒரு துண்டைக் கட்டிக்கிட்டாப் போச்சு” என்றார். எனக்கு வந்ததே கோபம்!

“துண்டா? இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லுங்க, பார்ப்போம்!”

“வாயை மூடுடி” என்றாள் அம்மா. நீ போனதிலிருந்து அவள் எங்களோடுதான் இருக்கிறாள். “பிள்ளைத்தாய்ச்சி பேசுற பேச்சா இது? என் மகன் முடி வளர்த்தான், அவன் பிள்ளை கை கால் சுகமாப் பொறந்துச்சு. இன்னைக்கு ஊருல ஓடியாடுது. வெட்டியிருந்தா என்ன ஆகியிருக்குமோ!”

“அம்மா, அண்ணன் செத்துப்போனானேம்மா.”

“ஆமாண்டி. பிள்ளைக்காகப் போனான். அதுவும் இல்லைங்கறியா? அப்ப என் மகன் எதுக்குடி செத்தான்?”

எதற்காகப் போனாய், அண்ணா? நீயே சொல்.

இவர் பக்கம் திரும்பினேன். “பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?” என்றார் தலையைக் குனிந்தபடி. அந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லையா? என் வயிற்றில்தானே இருக்கிறது! இதை எழுதும்போதுகூட உதைக்கிறது. ஆனால் பிறந்த பிறகு அது யார் முகத்தைப் பார்க்கும்? உன் பிள்ளைக்கு உன் முகம் தெரியாது, அண்ணா. அண்ணியின் அப்பாவைத்தான் அப்பா என்று கூப்பிடுகிறானாம்.

இரு. இப்படி எழுதிக்கொண்டே இருந்தால் பொழுது போய்விடும். போய்விட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன்.

தையல் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். “உட்காருங்க. பாவம்னா அது என் தலையில விடியட்டும்.”

என்னைப் பார்த்தார், கத்திரிக்கோலைப் பார்த்தார். “முதல்ல அதைக் கீழ வை. கை நடுங்குது பாரு. நடுங்குற கையால எதையும் தொடக்கூடாது, பட்டறையில அதான் சட்டம். எனக்கு ரெண்டு காதும் வேணும், தாயே!” சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. தண்ணீர் குடித்துவிட்டு, நடுக்கம் நிற்கும்வரை காத்திருந்தேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தார்.

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதல் கொத்தை வெட்டிய சத்தத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விட்டுவிடலாமா என்றுகூட எனக்கு இருந்தது. விடவில்லை. மிஷின் பிடித்து இழுக்க ஒரு பிடி முடிகூட இருக்கக்கூடாது என்று ஒட்ட வெட்டினேன். அவர் போதும் என்று எழுந்தார்.

அப்போதுதான் அம்மா திரும்பினாள். அவர் தலையைச் சுற்றி வந்து பார்த்தாள். “காதோரம் இன்னும் கொஞ்சம் இருக்குடி” என்றாள். “அதையும் எடுத்துடு.”

பிறகு உள்ளே போய், உன் பேரைச் சொல்லி அழுதாள். நீ போன நாளிலிருந்து அவள் வாய்விட்டு அழுது நான் பார்த்ததே இல்லை. இப்போதும் அழுகிறாள், எனக்குக் கேட்கிறது. நான் போகவில்லை, அழட்டும்.

நான் செய்தது சரியா, அண்ணா? வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நாளைக்குப் பட்டறைச் சங்கு ஊதி, அவர் போய், சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை எனக்கு நிம்மதி கிடையாது. மறுநாளும் கிடையாது. ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தப் பிள்ளை தன் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிற அன்றைக்கு, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, “உன் மகன் எதுக்குச் செத்தான்னு கேட்டியே, இவர் உயிரோட இருக்கிறது அவனாலதான்மா” என்று சொல்வேன்.

உன் மருமகனையோ மருமகளையோ சுமந்துகொண்டிருக்கும்
உன் தங்கச்சி