மூன்று முறை கூப்பிட்டதாக எழுதிய பொய்

அனுப்புநர்:
சகாயம்மாள்,
முனிசிபல் மருத்துவச்சி,
பாலக்கரை, திருச்சினாப்பள்ளி.

பெறுநர்:
மகாராஜராஜஸ்ரீ செஷன்ஸ் ஜட்ஜ் துரையவர்கள்,
திருச்சினாப்பள்ளி.

பொருள்: கோர்ட்டு வாசலில் நின்றிருந்த என்னை வரவில்லை என்று எழுதி, என்னை அடித்தவரை விடுதலை செய்த இரண்டாம் வகுப்பு மாஜிஸ்டிரேட் வீரராகவன் அவர்கள் மீது புகார்.

கனம் பொருந்திய ஐயா,

1. உறையூர் சுருட்டு வியாபாரி தர்மராஜ் அவர்களின் மருமகளுக்குத் தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்தவள் நான். நட்சத்திரம் மூலம். பெண் மூலம் நிர்மூலம் என்று பயந்த தர்மராஜ், பிறப்பு ரிப்போர்ட்டில் தேதியை மாற்றச் சொன்னார். முந்தின நாள் கேட்டை, மறுநாள் பூராடம், இரண்டும் ஆகாதாம். ஆகவே இரண்டு நாள் முந்திப் பிறந்ததாக எழுதி அனுஷமாக்க வேண்டுமாம். சர்க்கார் புஸ்தகத்துக்குப் பொய் எழுத என் கை வராது என்றேன். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியால் என் தோளில் அடித்தார். தெருவே பார்த்தது. பத்து நாள் அந்தக் கையால் ஒரு குழந்தையைத் தூக்க முடியவில்லை.

2. பிராது கொடுத்தேன். வாய்தா இம்மாதம் 12-ந் தேதி, வியாழக்கிழமை. நானும் என் சாட்சிகள் இருசம்மாள், சின்னையன் இருவரும் காலை பத்து மணி முதல் கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்றோம். என் பெயரை யாரும் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. பகல் ஒரு மணிக்கு தர்மராஜ் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். மூன்று முறை கூப்பிட்டும் பிராதுக்காரி ஆஜராகாததால் எதிரி விடுதலை என்று உத்தரவாகிவிட்டதாகக் குமாஸ்தா சொன்னார்.

3. அந்தக் கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிறவர் டபேதார் ரசூல். அன்று காலை தர்மராஜுக்கு வேண்டிய ரெவினியூ அதிகாரி ஒருவரின் சீட்டு வந்தது. வாங்கி மேஜைமேல் வைத்தவர் ரசூலே. சீட்டைப் படித்த மாஜிஸ்டிரேட், மறந்துவிட்ட பொடி டப்பாவை எடுத்துவரும்படி அவரை ஸ்ரீரங்கத்திலுள்ள தம் வீட்டுக்கு அனுப்பினார். டப்பா அதே மேஜைமேல்தான் இருந்தது. திரும்பி வந்த ரசூல், "உங்க பேரை நான் கூப்பிடவே இல்லீங்கம்மா. கூப்பிட்டிருந்தா காவேரிக்கு அக்கரையில கேட்டிருக்கும்" என்றார். பிரமாணத்தின் பேரில் சொல்லவும் தயாராயிருக்கிறார். அதனால் அவர் வேலைக்குக் கெடுதல் வராமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. தர்மராஜ் மீதிருந்த கோபம் பாதி ஆறிவிட்டது. கையில் தடி இருந்தது, அடித்தார். மாஜிஸ்டிரேட் மீதுள்ள கோபம் ஆறாது, ஆறவும் விடமாட்டேன். ஒரு தேதியைப் பொய்யாக எழுத மறுத்து நான் அடிபட்டேன். அவரோ ஒரு சீட்டைப் பார்த்து ஒரு வரியைப் பொய்யாக எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். சீட்டு வந்த பக்கம் தீர்ப்புப் போவதானால் கோர்ட்டு எதற்கு, தபாலாபீசே போதும். வேலியே பயிரை மேய்ந்தது என்று புலம்பிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மேய்ந்த வாய்க்குத் தண்டனை வேண்டும்.

5. ஆகையால் தாங்கள் கேஸ் கட்டை வரவழைத்துப் பார்த்து, ஹைகோர்ட்டாருக்கு எழுதி, அந்த விடுதலையை ரத்து செய்வித்து, வேறு கோர்ட்டில் விசாரிக்கச் செய்ய வேண்டும். மாஜிஸ்டிரேட் மீதும் விசாரணை நடக்க வேண்டும். அவர் பதவி போக வேண்டும் என்பதே என் ஆசை, மறைக்கவில்லை. ஆனால் அவரைக் கேளாமல் தண்டித்துவிட வேண்டாம். அது அவருடைய வழி. ரசூல் வாசலில் நின்று அவர் பெயரை மூன்று முறை கூப்பிடட்டும், வேப்பமரத்தடிக்குக் கேட்கும்படி. நான் அங்கேதான் நிற்பேன். எத்தனை நேரமானாலும் காத்திருப்பேன். பிரசவம் பார்க்கிறவளுக்குக் காத்திருப்பதுதான் தொழில்.

இடம்: திருச்சினாப்பள்ளி
தேதி: 16-3-1936

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) சகாயம்மாள்