கதைத் துரைக்கு ஒரு பூசை

அன்பும் ஆத்திரமும் சரிபாதியாய் என் நைனாவுக்கு,

ஒரு வருடமாக உங்களைத் திட்டாமல் இருந்தேன். அம்மாவின் கட்டளை. பூசை ஆகாத ஆத்துமத்தைத் திட்டினால் போகிற வழியில் அதற்கு இன்னும் கனம் ஏறிவிடும் என்று அவள் பிறந்த ஊரில் ஒரு பேச்சு. நேற்றோடு அந்தத் தடை நீங்கிவிட்டது. ஆகவே உட்காருங்கள். சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. உங்கள் நாட்டார் மூட்டை கட்டிவிட்டார்கள். கோட்டை அடிவாரத்தில் மூவர்ணக் கொடி ஏற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்தான் பங்கு வைத்தேன். “பழைய கொடி இறங்குகிற அன்றைக்கு முதல் வரிசையில் நின்று கைதட்டுவேன்” என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அதற்குள் என்ன அவசரம்? இன்னும் ஒரே ஒரு கோடையைப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாதா?

அன்று சந்தையில் காய்க்காரம்மா அம்மாவிடம் கேட்டாள். “இன்னா துரையம்மா, எல்லாரும் போறாங்களாமே, நீங்க கப்பல் ஏறலியா?”

“நான் எதுக்குடி கப்பல் ஏறணும்? எனக்கு அவலூர்பேட்டை பஸ்ஸு ஏறுனாலே தலை சுத்துது” என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைப் பொறுக்கினாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் நீங்கள் யார் என்று அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீங்கள் இங்கிலாந்தில் பிறந்த நாவலாசிரியர். செஞ்சிக் கோட்டையைப் பார்த்து ஒரு அத்தியாயம் எழுத வந்தீர்கள். ஒரு வாரம் தங்குவதாகத் திட்டம். பிலோமினா என்கிற பெண்ணை, அதாவது என் அம்மாவைப் பார்த்தீர்கள். திட்டம் அதோடு சரி. கல்யாணத்துக்கு மட்டும் ஒருநாள் மாதா கோவிலுக்குள் வந்து நின்றீர்கள். அதற்குப் பிறகு வாசலோடு நின்றுவிட்டீர்கள். இந்த வெயிலைத் திட்டாமல் நீங்கள் ஒரு வேளை சோறு தின்றதில்லை. ஆனால் இந்த ஊரைவிட்டுப் போகவும் இல்லை. எருமையைக்கூட “வாங்க” என்று கூப்பிட்டீர்கள். ஊர் உங்களுக்குக் கதைத் துரை என்று பேர் வைத்தது.

காலையில் நீங்கள் எழுத உட்காருவதே ஒரு திருவிழா. பித்தளைப் பேசின் நிறையத் தண்ணீர் வேண்டும். அதில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டால்தான் உங்களுக்குக் கதை வரும். தண்ணீர் சூடானால் கதை நின்றுவிடும். கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து மாற்றியது யார்? அம்மா. உங்கள் புத்தகங்களில் ஒன்றிலாவது அவள் இறைத்த தண்ணீருக்கு ஒரு வரி உண்டா?

சாயங்காலமானால் அன்றைக்கு எழுதியதை உங்கள் தமிழில் எங்களுக்குச் சொல்வீர்கள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். அவளுடைய அண்ணன் சவரிமுத்து மாமா, நாங்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து நேரே வந்து, கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து கேட்பார். அங்கேதான் வந்தது வினை. ஒருநாள் உங்கள் கதையில் சந்தியாகு என்கிற விவசாயி செட்டிக்குளத்தில் மூழ்கிச் செத்துப்போனான். மாமாவின் மீசை, மாமாவின் நொண்டி மாடு, மாமா வெற்றிலை துப்புகிற விதம், எல்லாம் அவனுக்கு இருந்தது. பேர் மட்டும்தான் வேறு.

“மாப்ள, இது நான்தானே?” என்றார் மாமா.

“இல்லை மச்சான். இது கற்பனை.”

“கற்பனைன்னா என் மாடு ஏன் நொண்டுது?”

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “சாவறதுக்கு முன்னாடி சாமியாரைக் கூட்டியாந்தாங்களா?” “இல்லை, நேரமில்லை” என்றீர்கள். உங்கள் கதையில் எவனுக்குத்தான் நேரம் இருந்தது? இத்தனை பேரைக் கொன்றீர்களே, சாகிற நேரத்தில் சாமியார் எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதலை ஒருவனுக்காவது கொடுத்தீர்களா?

மறுநாள் அம்மா கோவிலுக்குப் போய், சந்தியாகுவின் ஆத்தும இளைப்பாற்றிக்குப் பூசை கேட்டாள். இல்லாத ஒருவன் கரையேறாமல் கிடக்கிறானே என்று அவளுக்கு இரவெல்லாம் தூக்கமில்லையாம். ஞாயிற்றுக்கிழமை சாமியார் பேரை வாசித்தார். ஊரே முழங்காலில் நின்று மன்றாடியது. அன்று மத்தியானம் நம் வீட்டில் பூசைச் சாப்பாடு. தன் கருமாதிச் சோற்றைத் தானே உட்கார்ந்து தின்றவர் சவரிமுத்து மாமா ஒருவர்தான். இரண்டு தரம் குழம்பு வாங்கினார். ஆனால் அன்றிலிருந்து செட்டிக்குளத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நீங்கள் சாகடிப்பீர்கள், அம்மா பூசை கேட்பாள். நீங்கள் முதலில் சிரித்தீர்கள். பிறகு கோபித்தீர்கள். பிறகு, எனக்குத் தெரியும் நைனா, உள்ளுக்குள் பெருமைப்பட்டீர்கள். உங்கள் பாத்திரங்களுக்கு உயிரே இல்லை என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. செஞ்சியிலோ அவர்களுக்கு ஆத்துமமே இருந்தது.

சாமியாருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. வாரம் தவறாமல் நம் வீட்டில் உங்களோடு சீட்டாடுகிற மனிதர். ஒருநாள் நீங்களே கேட்டீர்கள், பொய் மனிதனுக்குப் பூசை வைக்கலாமா என்று. அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “சந்தியாகுன்னு எவனாவது எங்கியாவது செத்திருப்பான். கேக்க நாதி இல்லாதவன். அவனுக்குப் போய்ச் சேரட்டுமே, உங்களுக்கு இன்னா நஷ்டம்?”

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, உங்களுக்குக் காய்ச்சல் வருகிற வரைக்கும்.

மூன்றாம் நாளே அம்மா கேட்டாள். “சாமியாரைக் கூப்பிடட்டுமா?” நீங்கள் என்ன சொன்னீர்கள்? “வரட்டும், ஒரு கை ஆடலாம்.” அவர் வந்தார். எண்ணெய்ச் சிமிழை அங்கிக்குள் மறைத்து வைத்துக்கொண்டுதான் வந்தார். நீங்கள் ஆடினீர்கள், ஜெயித்தீர்கள், அவரைத் திருப்பி அனுப்பினீர்கள். அப்படி என்ன வீம்பு?

மறுநாள் உடம்பு கொஞ்சம் தேவலை என்றீர்கள். அதை நம்பி நான் பள்ளிக்கூடம் போனேன். ரேஷன் கடையில் அரிசி வந்திருப்பதாகத் தகவல். “பொழுதுக்குள்ள வந்துடறேன்” என்று அம்மா பையை எடுத்தாள். “அரிசியை மட்டும் கொண்டு வா, வண்டு வேண்டாம்” என்றீர்களாம். அவள் வரிசையில் நிற்கும்போதே நீங்கள் போய்விட்டீர்கள். பீர்க்கங்காய் கொடுக்க வந்த மாமாதான் முதலில் பார்த்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

உங்களுக்குப் பூசை வைக்கச் சாமியாரால் முடியவில்லை. கத்தோலிக்க வேதத்தில் சேராதவருக்கு வைக்கக் கூடாது என்பது சாமியாருக்கும் மேலே இருக்கிற மேற்றிராணியாரின் சட்டம். கோவில் கல்லறையில் இடமும் இல்லை. சிங்கவரம் போகிற பாதையில் தன் கொல்லையின் ஓரத்தில் மாமா இடம் கொடுத்தார். குழிக்கு மண் தள்ளும்போது சாமியார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார். பிறக்காதவர்களுக்கெல்லாம் பூசை வைத்த மனிதர், தன் கூட்டாளிக்கு ஒன்று வைக்க முடியாமல் நின்றார். நீங்கள் ஒரே ஒருதரம் தலையாட்டியிருந்தால் போதும்.

அன்றிலிருந்து அம்மா உங்களைத் திட்டவில்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். விடிந்தால் சுருட்டுச் சாம்பலுக்கு, மத்தியானம் பேசின் தண்ணீருக்கு, விளக்கு வைத்தால் நீங்கள் சாகடித்தவர்களுக்கு என்று நாள் முழுக்கத் திட்டியவள். அவள் குரலைக் கேட்டுத்தான் தெருவே மணி சொல்லும். அந்த வாய் மூடிக்கொண்டது. சமைத்தாள், துவைத்தாள், சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். உங்கள் மேசையடியில் கிடந்த பேசினை யாரும் தொடக் கூடாது என்றாள். இந்த மனுஷியும் போய்விடுவாளோ என்று நான் ஒவ்வொரு ராத்திரியும் பயந்துகொண்டு படுத்தேன், நைனா.

நடுவில் உங்கள் தங்கை எலினர் அத்தை கப்பலேறி வந்தார். உங்கள் கல்லறையைப் பார்த்தார். சுற்றிலும் மல்லாட்டைச் செடி. “இதற்காகவா எங்களை விட்டுப் போனான்?” என்று என்னிடம் கேட்டார். என்னைத் தன்னோடு வரச் சொன்னார். அங்கே எனக்கு ஓர் அறை இருக்கிறதாம். யோசிக்கிறேன் என்றேன். போகும்போது இன்னொன்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். உங்கள் கடைசி நாவலுக்கு முடிவு இல்லை, பதிப்பகத்தார் காத்திருக்கிறார்கள், நீதானே அவனுக்குத் தட்டச்சு செய்தாய், நீயே முடித்துவிடு என்று.

முடிவு இல்லாமல் விட்டுப்போக உங்களுக்கு வேறு கதையே கிடைக்கவில்லையா? கோட்டை அடிவாரத்தில் காய்ச்சலோடு கிடக்கும் ஹென்றி என்கிற கிழட்டு வெள்ளைக்காரனின் கதை. காலுக்கடியில் பேசின். இதையும் கற்பனை என்றுதான் சொல்வீர்கள்.

அத்தை சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“அந்த ஹென்றி இப்ப உயிரோடதான் இருக்கறாரா?”

“ஆமாம்மா. நைனா அங்கியே நிறுத்திட்டாரு.”

“சாகடிச்சுடு.”

“இன்னாம்மா சொல்ற?”

“உங்க நைனாவுக்குத்தானே பூசை கிடையாது? கதையில செத்தவங்களுக்குச் சாமியார் எப்பவும் வைக்கறாரு இல்ல? கல்லறைத் திருநாளுக்குள்ள சாகடிச்சுடுடி. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

பெற்ற மகளிடம் கேட்கிற உதவியா இது? ஒருநாள் மேசையில் போய் உட்கார்ந்தேன். என் விரல் எழவில்லை. அந்தத் தாளில் ஹென்றி இருமிக்கொண்டிருந்தார், தண்ணீர் சூடாகிவிட்டது என்று முனகிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் நீங்கள் இன்னும் உயிரோடு இருந்த இடம் அது ஒன்றுதான். அதையும் என் கையால் மூடச் சொல்கிறாளே! மாதக்கணக்கில் சாக்குச் சொன்னேன். ரிப்பன் இல்லை என்றேன், மண்ணெண்ணெய் இல்லை என்றேன். அம்மா வற்புறுத்தவில்லை. இன்னும் மெலிந்தாள், அவ்வளவுதான்.

போன வாரம் எழுதிவிட்டேன். சின்ன அத்தியாயம். எழுதி முடித்துவிட்டு உங்கள் மேசையில் தலையை வைத்து அழுதேன். அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம், உங்கள் வழக்கப்படியே, அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். கையில் கீரையோடு உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஆயவில்லை.

“வலிச்சுதா?” என்றாள்.

“இல்லம்மா. தூங்கற மாதிரிதான்.”

“பக்கத்துல யாருனா இருந்தாங்களா?”

“பொண்டாட்டி இருந்தா. தண்ணி மாத்த வந்தவ, அவரு கையப் புடிச்சிக்கினு கடைசி வரைக்கும் அங்கியே உக்காந்திருந்தா.”

அம்மா கீரையை மடியில் வைத்தாள். “அவ ரேஷன் கடைக்குப் போவலியா?” என்று கேட்டாள்.

“போவலம்மா. அன்னிக்கு அவ எங்கியும் போவல.”

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். நீங்கள் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் சாமியாரிடம் போனோம். “ஸ்தோத்திரம் சாமி. ஹென்றின்னு ஒருத்தருக்குப் பூசை வேணும்” என்றாள் அம்மா. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கதையில வர்றவரா?”

“ஆமாங்க சாமி.”

“வேதக்காரரா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நைனா, உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க எனக்கு ஒரு வரி போதும். அம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் நான் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் மாமாவின் கொல்லையிலிருந்து எழுந்து வந்து அடித்துவிட்டுப் போவீர்கள் என்று தெரியும். “கதையில அதப் பத்தி ஒண்ணும் சொல்லலைங்க சாமி” என்றேன்.

“சொல்லலைன்னா எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதவங்களப் பத்தி நல்லதாத்தான் நெனைக்கணும்” என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நேற்று கல்லறைத் திருநாள், செத்தவர்கள் எல்லோருக்கும் பூசை வைக்கிற நாள். கறுப்பு உடுப்பில் சாமியார் பேர்களை வாசித்தார். ஹென்றி என்று வந்தபோது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். கோவிலில் ஒருவர்கூட யார் அது என்று கேட்கவில்லை. மாமா எல்லோரையும்விடச் சத்தமாக மன்றாடினார். உங்கள் பேரைச் சொல்லிவிடக் கூடாதே என்று வார்த்தைக்கு வார்த்தை கவனமாக மன்றாடினார்.

வீட்டுக்கு வந்தோம். ஈரத் துணியோடு அறைக்குள் போன அம்மா உங்கள் பேசினில் கால் இடித்துக்கொண்டாள். குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்!

“நடு வீட்ல பேசினைப் போட்டுட்டுப் போன மனுசன்! எடுத்து வைக்க நான் ஒருத்தி! ஒரு வண்டில்லாத அரிசிக்கு வெயில்ல நின்னேனே, அதுக்குள்ள இன்னா கொள்ள போச்சு? நான் வர்ற வரைக்கும் இருக்கக் கூடாதா? சொல்லுய்யா, இருக்கக் கூடாதா?”

விளக்கு வைக்கிற வரைக்கும் ஓயவில்லை. எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்து கேட்டார்கள். ராத்திரி அம்மா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அத்தியாயத்தை இன்று தபாலில் அனுப்பிவிட்டேன். அத்தைக்கும் எழுதிவிட்டேன், அந்த அறையில் வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று. உங்களுக்கும் ஒரு சத்தியம் செய்து தருகிறேன். அம்மாவின் நேரம் வரும்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். கதையில் இல்லை நைனா, நிஜமாகவே இருப்பேன்.

இன்னும் திட்டித் தீராத உங்கள் மகள்,
ரோசாமேரி