என்னைக் கட்டிப் போட வேண்டாம்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மூடிய தங்கச் சுரங்கத்தின் கழிவு மண், அந்தச் சயனைடு மேட்டுத் தூசி, ஜன்னல் கம்பியெல்லாம். துணி உள்ளே கொடியில். மாத்திரை கா. 8 போட்டாயிற்று.

இடது தோள் இன்னும் தூக்க முடியவில்லை. ஜாக்கெட் மாட்டப் பத்து நிமிஷம். தோளைக் கெடுத்தது வலிப்பு இல்லை, பக்கத்து வீட்டு மாணிக்கம் அண்ணன். போன வியாழன் குழாயடியில் வலிப்பு வந்து விழுந்த என்னைத் தூக்கி பெஞ்சில் கிடத்தி, நெஞ்சு, இடுப்பு, முட்டி என மூன்று இடத்தில் புடவையால் இறுக்கிக் கட்டிவிட்டார். சுரங்கத்தில் முதலுதவிக் குழுவில் இருந்தவர். அடிபட்டவனை ஸ்ட்ரெச்சரோடு கட்டித்தான் கேஜில், அந்தக் கூண்டு லிஃப்டில், மேலே அனுப்புவார்கள். கை பழகியதைச் செய்திருக்கிறது. கட்டுக்குள் உடம்பு உதறியதில் தோள் பிசகிவிட்டது.

மகன் சிவா, பெங்களூரிலிருந்து போன். "ஞாயித்துக்கெழம வர்றேன்மா. வீட்ட பூட்டிட்டு என்கூட வந்துடு. தனியா இருந்தது போதும்."

அங்கே: பத்தாவது மாடி. புருஷன் பெண்டாட்டி இருவரும் ஆபீஸ். போன தடவை என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிப் போனார்கள். பாதுகாப்பாம்.

போக மாட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

வாங்க: உளுந்து, சோப்பு, பிளாஸ்டிக் தம்ளர் 2 (கண்ணாடி இனி வேண்டாம்). பாத்ரூம் உள்தாழ்ப்பாள் கழற்ற ஆள். இதெல்லாம் நானே போட்ட சட்டம். வருத்தமில்லை.

கடையில் பின்னாலிருந்து ஒரு குரல்: "காக்கா வலிப்பாம். கையில சாவிக்கொத்து குடுத்தா நின்னுடும்."

திரும்பினேன். "சாவி பூட்டைத்தான் திறக்கும்மா. வலிப்பு தானா நிக்கும். ஒட்டவும் ஒட்டாது, பக்கத்துல வந்தே நில்லுங்க." கடைக்காரருக்குச் சிரிப்பு. உளுந்து நல்ல உளுந்து.

ஜூலை 9, புதன்

அண்ணனிடம் சொல்லியே ஆக வேண்டும். நான் விழுந்தால் முதலில் வருபவர் அவர்தான். காலையில் போனேன்.

"இன்னா டீச்சரம்மா, தோளு தேவலையா?"

"கட்டினதால வந்தது அண்ணா. இனிமே கட்டாதீங்க."

முகம் சுருங்கிவிட்டது. "எத்தினி பேர கேஜ்ல ஏத்திக்கீறேன்! ஒருத்தன் நழுவி வுழுந்ததில்ல. எனக்கே பாடமா?"

அவர் மனைவி பச்சையம்மா அக்கா, அடுப்படியிலிருந்து: "டீச்சரு பாடம் எடுக்காம வேற இன்னாத்த எடுப்பாங்க? கேளுய்யா."

முப்பத்தொரு வருஷ வகுப்பில் கற்றது: எதிராளிக்குத் தெரிந்ததிலிருந்து உதாரணம். "வெடிக்குத் திரி பத்த வெச்சப்புறம் ஓடிப்போய்ப் பாறைய பிடிச்சுக்குவீங்களா?"

"பைத்தியமா? ஆளுங்கள வெலக்கிட்டு, ஒதுங்கி நின்னுக்கினு, சத்தத்த எண்ணுவோம்."

"அதேதான். போன வருஷம் மூளையில ரத்தம் கட்டிச்சே, அந்தத் தழும்புகிட்ட திடீர்னு கரண்ட் தாறுமாறா ஓடுது. பிடிச்சா நிக்காது. பக்கத்துல பெஞ்சு, கல்லு இருந்தா விலக்குங்க. தலைக்கடியில துணி. வாயில எதுவும் திணிக்காதீங்க. நேரம் பாருங்க. அடங்கினதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க."

"ஒரு குழி வெடிக்காம நின்னுட்டா பேஜாரு. அந்த மாரி வலிப்பும் சரியா முடியலன்னா?"

நல்ல மாணவன் கேட்கும் கேள்வி. "அஞ்சு நிமிஷம் தாண்டினாலும், நினைவு வராமலே இன்னொண்ணு வந்தாலும், உடனே ஆம்புலன்ஸ்."

ஒவ்வொன்றாக விரல் விட்டுச் சொல்லிப் பார்த்தார். பிறகு: "பாறையும் நீங்களும் ஒண்ணா டீச்சரம்மா? கண்ணெதிர்ல ஒடம்பு துள்ளசொல்ல கை சும்மா இருக்குமா?"



ஜூலை 11, வெள்ளி

நேற்று எழுதவில்லை. நேற்றுச் சாயங்காலம் என்னிடம் இல்லை. அக்கா சொல்லித்தான் தெரியும்.

அவர்கள் வீட்டில் டீ. தம்ளர் கையை விட்டுப் போயிற்றாம். அண்ணன் ஸ்டூலை எட்டி உதைத்துவிட்டு, துண்டைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாராம். "அழுதுக்கினே எண்ணினாரு. சாவி எடுத்தாந்தவனுக்கு வுட்டாரு பாரு ஒரு சத்தம்!"

இரண்டு நிமிஷம் சொச்சம். நெற்றியில் வீக்கம், நாக்கோரம் கடி. தோள் பத்திரம்.

இட்லி ஒன்று. மீதி நேரம் தூக்கம். டாக்டரிடம் கேட்க: மாத்திரை அளவு போதுமா?

ஜூலை 13, ஞாயிறு

தூறல். சிவா காலை ரயிலில். கையில் பெரிய காலி சூட்கேஸ், என் துணிமணிக்கு. நெற்றியைப் பார்த்தான். "பாத்தியா? மறுபடியும்!"

அண்ணனும் அக்காவும் வந்தார்கள். சிவா நேராக: "மாமா, அம்மாவுக்கு இங்க ஒண்ணும் ஆகாதுன்னு கேரண்டி குடுப்பீங்களா?"

"நாங்க கீழ எறங்கசொல்ல எவன்டா கேரண்டி குடுத்தான்? பக்கத்துல ஆளு கீதான்னுதான் பாப்போம். நான் கீறேன்."

"உங்களுக்கே எழுபத்தெட்டு மாமா."

"எனக்கப்புறம் இவ கீறா."

அக்கா: "எனக்கு எழுபத்திரண்டுதான். சின்னப் பொண்ணு."

சிவா சிரிக்கவில்லை. கேட்டேன்: "உன் வீட்ல விழுந்தா வெளிப்பூட்ட யாருடா திறப்பாங்க?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமில்லை, பயம். பாவம், குழந்தை, நாற்பத்திரண்டு வயது.

"பயமாத்தான் இருக்கும். எனக்கும் இருக்கு. நான் இங்கயே இருந்து பயந்துக்கறேன்."

சாப்பிட்டான். கத்தரிக்காய் இரண்டு முறை கேட்டான். பிறகு அண்ணனிடம் போய் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டான்.

சூட்கேஸைக் காலியாக அனுப்ப மனமில்லை. அவனுடைய காலேஜ் புத்தகங்கள், கேரம் காய் டப்பா, பிடி கழன்ற கிரிக்கெட் பேட். இருபது வருஷமாக என் அலமாரியை அடைத்தவை. எல்லாம் உள்ளே. தூறலில் ஸ்டேஷன் வரை முணுமுணுத்துக்கொண்டே இழுத்துப் போனான்.

அலமாரியில் ஒரு தட்டு முழுக்கக் காலி. என் புடவைகளை அங்கே அடுக்கினேன்.