துபாய்க்கும் மேலூருக்கும் நடுவே ஒரு நாள்

அன்பு மகன் அருண்பாண்டிக்கு, மேலூரிலிருந்து அப்பா சோலை எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, தங்கச்சி பவதாரிணி, அவள் பிள்ளை எல்லாரும் நல்ல சுகம். துபாயில் நீயும் சுகமாக இருப்பதாக நீதான் சொல்கிறாய், அதை முழுசா நம்ப முடியாமல்தான் இந்தக் கடுதாசி. போனில் கேட்டால் டூட்டி இருக்குப்பான்னு வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாதுல்ல, அதான் அங்கே வேலைக்குத் திரும்புகிற நம்ம தெரு கருத்தக்கண்ணன் கையில் கொடுத்து விடுகிறேன்.

ஆவணி ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை அழகர்கோயிலில் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தணும், அதுக்கு நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். சொன்னால், வர ஒரு நாள் போக ஒரு நாள், லீவு பூரா பிளேனிலேயே போயிடும்ங்கிறாய். உன் அப்பன் அஞ்சாங்கிளாஸ்தான், ஆனால் ஏர்போர்ட்டுக்கு டாக்சி ஓட்டுகிற சிவக்குமாரைத் தெரியும். துபாயிலிருந்து மதுரைக்கு நாலு மணி நேரத்துச் சொச்சம்தான், இங்கேயிருந்து மெட்ராசுக்கு பஸ்ஸில் போய்ச் சேருகிற நேரத்துக்குள்ளே உங்க மகன் வந்து டீயைக் குடிச்சிட்டுத் திரும்பியே போயிடலாம் மாமா என்றான். செல்லில் டயத்தையும் காட்டினான். போகிற பிளேன் பத்து மணிக்கு ஏறினால் ஒரு மணிக்கு இறக்கி விடுகிறது, வருகிற பிளேன் பத்துக்கு ஏறினால் நாலு மணி ஆக்குகிறது. வீட்டுக்கு வருவதென்றால் மட்டும் பிளேனும் உன்னைப்போல மசமசன்னு வருதோன்னு தெருவில் நின்று சத்தம் போட்டுவிட்டேன். பவதாரிணிதான் தலையில் அடித்துக்கொண்டு, அங்கே கடிகாரம் ஒன்றரை மணி பின்னாடிப்பா என்று விளக்கினாள். சரி, அந்த ஒன்றரை மணியை விட்டுக்கொடுத்தேன். மிச்சத்துக்கு என்ன சொல்லுவ?

சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது எட்டாந்தேதி சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தாய், மெட்ராஸ் வழியா சுத்தி வந்தேன் என்றாய். நீ விட்டுப்போன பெட்டியில் ஒட்டியிருக்கிற சீட்டில் ஏழாந்தேதி, திருச்சின்னு போட்டிருக்கிறதாம், தங்கச்சிதான் படித்தாள். திருச்சி இங்கேயிருந்து ரெண்டு மணி நேரம். நடுவில் ஒரு நாளை எங்கேடா வச்சிட்டு வந்த?

திருச்சியில் நமக்கு ஒரு மருமகள் இருக்காடின்னு உங்கம்மாவிடம் சொன்னேன். சேவ் பண்ணி, தேய்ச்ச சட்டை போட்டு வந்து நின்றானே, பிளேனில் வந்தவன் மாதிரியா இருந்தான் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அவன் முழங்கை மடிப்புல ஊசி குத்துன தடம் இருந்துச்சு, நான் பாத்தேன்" என்றாள். அரிசி மூட்டையைத் தூக்கச் சொன்னதுக்கு முதுகு பிடிச்சிருக்குன்னு நீ நகர்ந்ததையும் சொன்னாள். இம்புட்டையும் மூணு மாசமா மனசுக்குள்ளேயே வச்சிருந்திருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் யாரையும் கேலி பண்ண வாய் வரமாட்டேங்குது.

பொண்ணு என்றால் கூட்டிக்கொண்டு வா, எந்த ஊரு, என்ன ஆளுன்னு கேட்க மாட்டேன், உன்னைக் கேலி பண்ணியே ஒரு வழி ஆக்குவேன், அம்புட்டுத்தான். உடம்பு என்றால் டாக்டர் சொன்னதைச் சொன்னபடி சொல்லு. காது எங்கேயும் ஓடிப்போகாது, தையில்கூடக் குத்திக்கலாம் என்று மாப்பிள்ளையும் சொல்லிவிட்டார். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. அழகர் உன்னைக் குறையில்லாமல் வச்சிருக்கட்டும். இதைப் படித்த அன்றைக்கே போன் பண்ணி முதலில் அம்மாவிடம் பேசு. மறுபடி டூட்டி இருக்குன்னு வைத்தாயோ, நாலு மணி நேரம்தானே, உங்கம்மா பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்து வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சோலை