சுவருக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டு

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்ல, அறையில் கூட இருக்கும் அண்ணன் எழுதுகிறார்.

எங்கள் ஓட்டல் முன்பு அரண்மனையாக இருந்தது. நாங்கள் விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது. அந்தக் காலத்து வேலைக்காரர்கள் போல, சுவருக்குப் பின்னால் இருக்கும் இருட்டுப் படிக்கட்டில்தான் போய்வர வேண்டும். அதில் தட்டுகளோடு வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் லேசான விரிசல், அவ்வளவுதான்.

சுவருக்கு அந்தப்பக்கம் விருந்து நடந்துகொண்டிருந்தது. "அம்மா" என்று தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டேன். சூப்பர்வைசருக்கு ஒரே சந்தோஷம். "சத்தமே போடலையே, கெட்டிக்காரன்டா நீ!" என்றார்.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்பு. ஒற்றைக் கையால் மாட்ட முடியவில்லை.

அண்ணனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவர் கிளம்பியதும் அறையில் யாரும் இருக்கமாட்டார்கள். அப்போது உன்னை வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

உன் மகன்